எஃப்எஃப்எம்பெக்: லாக்கை அமைதியாக்கினேன், பாதி வீடியோக்களைக் காணவில்லை

கேள்வி

வணக்கம் நண்பர்களே. என்னிடம் 41 வீடியோக்கள் இருக்கின்றன, எல்லாம் எம்ஓவி. அவற்றை எம்பி4 ஆக மாற்ற வேண்டும். பெயர்களை வரிக்கு ஒன்றாக ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வைத்து, ஷெல்லில் (கட்டளைத் திரையில்) அதை வரி வரியாகப் படிக்கும் வைல் ரீட் லூப் போட்டு, ஒவ்வொன்றாக எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் புரோகிராமுக்குக் கொடுக்கிறேன். பதிப்பு எண்ணும் ஸ்ட்ரீம் விவரங்களுமாகத் திரை நிரம்பி வழிந்ததால் லாக்கை, அதாவது அது எழுதும் செய்திகளை, அடக்க -லாக்லெவல் க்வைட் என்று கொடுத்து இரவு ஓட விட்டேன். காலையில் பார்த்தால் 21 ஃபைல்தான் இருக்கிறது. மீதி 20 என்ன ஆனது என்று சொல்ல ஒரு வரி கூட இல்லை.

நிறைய விவரம் தரும் டீபக் மட்டத்தை வைத்து, > குறி போட்டு லாக்கை ஒரு ஃபைலுக்கு அனுப்பியும் பார்த்தேன். ஃபைல் காலி, திரை முழுக்க எழுத்து. பிழையை மட்டும் ஒரு ஃபைலில் சேர்த்து வைக்க என்ன செய்ய வேண்டும்?

பதில் 1

முதலில் க்வைட்டை எடுத்துவிடுங்கள். அது பிழையையும் சேர்த்து வாயடைத்துவிடும். ஆள் பார்க்காமல் ஓடும் வேலைக்கு அதை வைக்கவே கூடாது.

லாக் எவ்வளவு விவரமாக வர வேண்டும் என்று சொல்லும் மட்டங்களுக்கு எண்ணும் உண்டு: க்வைட் -8, பேனிக் 0, ஃபேட்டல் 8, எர்ரர் 16, வார்னிங் 24, இன்ஃபோ 32, வெர்போஸ் 40, டீபக் 48, ட்ரேஸ் 56. எதுவும் சொல்லாவிட்டால் இன்ஃபோ. ஒரு மட்டத்தைக் கேட்டால் அதுவும் அதற்குக் கீழே உள்ள எண்களும் வரும். பதிப்பு விவரம் மட்டும்தான் தொல்லை என்றால் -ஹைட்_பேனர் போதும், மட்டத்தைத் தொடவே வேண்டாம்.

உங்கள் ஃபைல் காலியாக இருந்ததற்குக் காரணம், எஃப்எஃப்எம்பெக் லாக்கை எஸ்டிடிஅவுட்டில் (வழக்கமான வெளியீட்டு வழி, எண் 1) எழுதுவதில்லை, எஸ்டிடிஎர்ரில் (பிழைச் செய்திகளுக்கான தனி வழி, எண் 2) எழுதும். எஸ்டிடிஅவுட் வழியாக வீடியோவையே இன்னொரு புரோகிராமுக்கு அனுப்பலாம் என்பதால் அதில் லாக் கலக்கக் கூடாது. அதனால் வெறும் > போதாது, 2>> போடுங்கள். இரண்டு அம்புக்குறி முக்கியம். ஒன்றோடு விட்டால் லூப்பின் ஒவ்வொரு சுற்றும் முந்தைய லாக்கை அழித்துவிடும்.

மட்டம் எர்ரர் வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் முதலில் ஃபைல் பெயரை எக்கோ செய்து அதே லாக்கில் எழுதுங்கள். எந்தப் பிழை எந்த வீடியோவுடையது என்று அப்போதுதான் தெரியும். ஃப்ரேம், நேரம், வேகம் காட்டும் வரி எர்ரர் மட்டத்தில் தானாக மறைந்துவிடும். அதைப் பார்க்க -ஸ்டாட்ஸ் சேர்க்கலாம். ஆனால் ஃபைலுக்கு அனுப்பும்போது சேர்க்காதீர்கள். அது ஒரே வரியைத் திரும்பத் திரும்ப மேலெழுதுவது போல வடிவமைத்தது, லாக்கில் முடிவில்லாத ஒற்றை வரியாகக் கிடக்கும்.

கேட்டவர்

மிக்க நன்றி, இப்போது லாக் வந்தது. ஆனால் குழப்பம் கூடிவிட்டது. 20 இடங்களில் "அப்படி ஒரு ஃபைல் இல்லை" என்கிறது. பெயரைப் பார்த்தால் தலை வெட்டுப்பட்டிருக்கிறது. என் ஃபைல்கள் எல்லாம் சீக்வென்ஸ்-01, சீக்வென்ஸ்-02 என்று ஆங்கிலத்தில் தொடங்கும். லாக்கில் எஸ், இ, க்யூ என்ற முதல் மூன்று எழுத்துகள் இல்லாமல் யூவில் தொடங்குகிறது. இரட்டைப்படை எண்கள் எல்லாம் இப்படி.

இன்னொன்றும் இப்போதுதான் கவனித்தேன். மாறிய ஃபைல்களிலும் கடைசி 41 மட்டும்தான் முழுசு. மற்றவை நன்றாக ஓடி, சில நொடிகளில் முடிந்துவிடுகின்றன. அவற்றுக்கு லாக்கில் ஒரு பிழையும் இல்லை!

பதில் 2

கோளாறு லாக்கில் இல்லை, எஸ்டிடிஇன்னில், அதாவது புரோகிராம் உள்ளீட்டைப் படிக்கும் வழியில், இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக் ஓடும்போது கீபோர்டு கட்டளைகளைக் கேட்டுக்கொண்டே இருக்கும். க்யூ அழுத்தினால் நிறுத்தும், + - அழுத்தினால் லாக் மட்டத்தைக் கூட்டும் குறைக்கும். உங்கள் லூப்புக்குள் அதன் எஸ்டிடிஇன் கீபோர்டு இல்லை, பெயர் பட்டியல்தான். முதல் வீடியோ மாறும்போதே அடுத்த வரியிலிருந்து எஸ், இ, க்யூ என்று ஒவ்வோர் எழுத்தாகப் படித்திருக்கிறது. க்யூ வந்ததும் நீங்கள் நிறுத்தச் சொன்னதாக எடுத்துக்கொண்டு ஃபைலை ஒழுங்காக மூடிவிட்டது. அதனால்தான் அது பழுதில்லாமல் ஓடுகிறது. மிச்சமிருந்த அரைப் பெயர் அடுத்த சுற்றுக்குப் போய்த் தோற்றது. 41க்குப் பிறகு தின்ன எழுத்து இல்லை, அது தப்பித்தது.

க்யூ கட்டளை கிடைத்து வெளியேறுகிறேன் என்ற செய்தி இன்ஃபோ மட்டம். எர்ரர் வைத்தால் தெரியாது. முதல் இரண்டு பெயர்களை மட்டும் வைத்து இன்ஃபோவில் ஓட்டிப் பாருங்கள், கண்ணில் படும். தீர்வு, எஸ்டிடிஇன்னைப் படிக்காதே என்று சொல்லும் -நோஸ்டிடிஇன்னைக் கட்டளையில் சேர்ப்பது.

கேட்டவர்

நீங்கள் சொன்ன செய்தி அப்படியே வந்தது. -நோஸ்டிடிஇன் சேர்த்து முழுவதும் ஓட்டினேன், 41ம் முழு நீளத்தில் வந்துவிட்டன. இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. இனிமேலும் எர்ரர் மட்டத்திலேயே விடலாமா?

பதில் 1

க்யூ விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, அவர் சரியாகப் பிடித்தார். இரவில் ஓட விடும் வேலைக்கு நான் வார்னிங் வைப்பேன். லெவல்+வார்னிங் என்று கொடுத்தால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அதன் மட்டமும் வரும், பிறகு தேட எளிது. ஒரே எச்சரிக்கை அடுத்தடுத்து வந்தால் இத்தனை முறை திரும்பியது என்று அதுவே சுருக்கிவிடும், லாக் பெருத்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். வந்த ஃபைலின் நீளத்தை, வீடியோ விவரம் காட்டும் எஃப்எஃப்ப்ரோப் என்ற துணைப் புரோகிராமால் மூலத்தோடு ஒப்பிட்டும் பாருங்கள். இந்தக் கோளாறு அதில் உடனே பிடிபட்டிருக்கும்.

ஏதாவது ஒரு வீடியோ தோற்றால் அதை மட்டும் தனியாக -ரிப்போர்ட் போட்டு ஓட்டுங்கள். டீபக் அளவுக்கு முழு விவரமும், தேதியும் நேரமும் பெயரில் உள்ள ஒரு லாக் ஃபைலாக, நீங்கள் இருக்கும் ஃபோல்டரிலேயே விழும். நீங்கள் கொடுத்த கட்டளையும் அதில் அப்படியே இருக்கும். முகவரியில் கடவுச்சொல் எழுதியிருந்தால், யாருக்காவது அனுப்பும் முன் அதை எடுத்துவிடுங்கள்.