மறு: அனியூரிசத்துக்குத் தமிழ்ச்சொல்: வீக்கமா, உப்பலா?

அனைவருக்கும் வணக்கம். அனியூரிசம் (aneurysm) என்பது தமனியின், அதாவது இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாயின், ஒரு பகுதி உப்பி விரிந்துவிடுவது. நம் கலைச்சொல் பட்டியலில் இதற்கு என்ன சொல் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> "தமனி வீக்கம்" என்றாலே எல்லோருக்கும் புரிகிறதே, புதுச்சொல் எதற்கு?

ஐயா, அப்படிப் புரிந்துகொள்வதுதான் எனக்குக் கவலை. என் பெரியம்மாவுக்கு ஸ்கேன் எடுத்த இடத்தில் "இரத்தக்குழாய் வீக்கம்" என்று சொல்லி அனுப்பினார்கள். கால் வீக்கத்துக்குச் சாப்பிடும் மாத்திரையே இதற்கும் போதும் என்று பல மாதம் இருந்துவிட்டார். வீக்கம் என்றால் வலிக்கும், வற்றும். இது தானாக வற்றாது, பெரும்பாலும் வெடிக்கும்வரை வலிக்கவும் செய்யாது.

இன்னொரு சொல்லான "நாளப் புடைப்பு" இலங்கையில் செல்லாது. அங்கே பாடநூல்களில் ஆர்ட்டரி (தமனி) என்பது நாடி, வெயின் (சிரை) என்பது நாளம். யாழ்ப்பாணத்து மாணவர் இதைப் பார்த்தால் காலில் சுருண்டு தெரியும் வெரிகோஸ் வெயினைத்தான் நினைப்பார்.

என் பரிந்துரை "உப்பல்". சைக்கிள் டயர் தேய்ந்த இடத்தில் ட்யூப் உப்பிக்கொண்டு வெளியே வருமே, அதேதான் இங்கும் நடக்கிறது. சுவர் நலிந்த இடத்தை உள்ளே ஓடும் இரத்தம் வெளியே தள்ளுகிறது. பெருந்தமனி (இதயத்திலிருந்து கிளம்பும் முதன்மைத் தமனி) உப்பல், மூளைத் தமனி உப்பல் என்று சேர்த்துச் சொல்லவும் வருகிறது. இலங்கையில் பெருநாடி உப்பல் எனலாம்.

அப்புறம், விளக்கம். பட்டியலில் இப்போது "3 செ.மீ. அல்லது அதற்கு மேல் விரிந்த வயிற்றுப் பெருந்தமனி" என்று மட்டும் இருக்கிறது. இதை மாற்றியே ஆக வேண்டும். பெண்களின் பெருந்தமனி இயல்பிலேயே ஒடுக்கமானது. அதனால் 3 செ.மீ.யைத் தொடும்போது, தன் இயல்பளவோடு ஒப்பிட்டால், பெண்ணின் தமனி ஆணுடையதைவிட அதிகம் விரிந்திருக்கும். வயிற்றுப் பெருந்தமனி உப்பல் ஆண்களுக்குத்தான் பல மடங்கு அதிகம், உண்மை. ஆனால் வந்துவிட்டால், அதே அளவிலேயே பெண்ணுக்கு வெடிக்கும் ஆபத்து கூடுதல். அதனால்தான் அறுவை சிகிச்சையை யோசிக்கும் அளவு ஆண்களுக்கு 5.5 செ.மீ., பெண்களுக்கு 5 செ.மீ. என்று சில வழிகாட்டு நெறிகள் பிரித்துச் சொல்கின்றன. பிரிட்டனில் 65 வயதில் ஆண்களை மட்டுமே ஸ்கேனுக்கு அழைக்கிறார்கள். பெண்களிடம் இது அரிது என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் கலைச்சொல் விளக்கத்திலும் பெண்ணின் உடல் விடுபட வேண்டியதில்லை.

நான் எழுதிப் பார்த்தது: "தமனியின் ஒரு பகுதி, அதன் இயல்பு விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ நிலையாக விரிந்திருத்தல்." இதில் செ.மீ. இல்லை. யாருடைய உடலுக்கும் பொருந்தும்.

பட்டியலின் தலைப்பில் "பாலின வேறுபாடு" என்று இருப்பதையும் "பால் வேறுபாடு" என்று திருத்தலாம். இங்கே பேச்சு சமூக அடையாளம் (gender) பற்றியதல்ல, உடற்கூறு (sex) பற்றியது.

ஒரு சிக்கல் எனக்கே தெரிகிறது: வயிற்று உப்பசம். "வயிற்று உப்பல்" என்று யாராவது சுருக்கிவிட்டால் வாயுத் தொல்லை என்று நினைத்து ஓமம் கேட்பார்கள். தமனி என்ற சொல்லை எங்கும் விடாமல் எழுதினால் தீருமா, அல்லது "தமனிப் புடைப்பு" என்றே போய்விடலாமா? மருத்துவமனையில் நோயாளிகளோடு தினமும் தமிழில் பேசுகிறவர்கள் சொல்லுங்கள்.