ஸ்காபரோ வீட்டின் பழைய ஓக் மரத்தளம்: மூன்று ஒப்பந்தக்காரர்கள், மூன்று விதமான பதில்கள்

கேள்வி: புதுவீட்டுக்காரன், ஸ்காபரோ

அனைவருக்கும் வணக்கம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1950களின் நடுப்பகுதியில் கட்டப்பட்ட பங்களோ ஒன்றை அண்மையில் வாங்கினோம். வரவேற்பறையிலும் படுக்கையறைகளிலும் சுவரோடு சுவராக ஒட்டியிருந்த கார்ப்பெட்டைக் கிளப்பியபோது, அதன் கீழே இரண்டேகால் அங்குல அகலமுள்ள சிவப்பு ஓக் பலகைகள் இருப்பதைக் கண்டோம். பெரும்பகுதி நல்ல நிலையிலேயே இருக்கிறது. ஆனால் சுவரோரங்களில் கார்ப்பெட் ஆணிப்பட்டியின் துளைகளும், நடுவில் எங்கு பார்த்தாலும் ஸ்டேப்பிள் கம்பிகளும், ஒரு படுக்கையறையின் ஜன்னலடியில் கறுத்த கறைகளும் உள்ளன. முன்னைய உரிமையாளர் சமையலறைக்கும் சாப்பாட்டறைக்கும் இடையிலிருந்த சுவரை எடுத்துவிட்டதால், அது நின்ற இடத்தில் நாலரை அங்குல அகலத்துக்கு வெறும் பிளைவூட் தெரிகிறது.

மூன்று ஒப்பந்தக்காரர்களை அழைத்துக் காட்டினேன். முதலாமவர் எல்லா அறைகளையும் சாண்டிங் செய்து (இயந்திரத்தால் மரத்தையே உரசித் தேய்த்து) இரண்டு பூச்சுக் கொடுப்பதாகவும், சதுர அடிக்கு 3 டொலர் 25 சதம் எனவும், காசாகக் கொடுத்தால் வரி இல்லை எனவும் வாய்மொழியாகச் சொன்னார். இரண்டாமவர் முழுச் சாண்டிங் வீண் செலவு என்றும், மேலாகத் தேய்த்து ஒரு பூச்சுப் பூசினால் போதும் என்றும் கூறினார். மூன்றாமவர் பழையதை எல்லாம் பெயர்த்தெறிந்துவிட்டு எஞ்சினியர்ட் மரத்தளம் (ஒட்டுப்பலகை அடுக்குகளின் மேல் மெல்லிய மரம் ஒட்டியது) போடும்படி வற்புறுத்தினார். அவருடைய தொகை மற்ற இருவருடையதையும் விடப் பலமடங்கு அதிகம். இவர்களில் யார் சொல்வது சரி என்பதை நான் எப்படி அறிந்துகொள்வது? ஒருவரை அமர்த்துவதானால் எவற்றை எழுத்தில் வாங்க வேண்டும்? வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதையும் கருத்திற்கொண்டு பதில் தருவீர்களானால் உதவியாக இருக்கும்.

பதில்: உளியும் இழைப்புளியும்

வணக்கம் தம்பி. நான் இதே தொழிலில் இருப்பவன். உங்கள் பக்கத்தில் வேலை எடுப்பதில்லை என்பதால் தயக்கமின்றி எழுதுகிறேன்.

யாரை அமர்த்துவது என்று யோசிப்பதற்கு முன், தளத்துக்கு என்ன வேலை தேவை என்பதை நீங்களே பார்த்துவிடலாம். வெப்பக்காற்று வரும் தரைத் துவாரத்தின் மூடியைத் தூக்கி, அங்கே வெட்டப்பட்டிருக்கும் பலகையின் விளிம்பை டோர்ச் அடித்துப் பாருங்கள். பலகையின் முழுத் தடிப்பும், ஒரு பலகையின் நாக்கு (விளிம்பில் நீட்டியிருக்கும் பகுதி) அடுத்ததன் காடியில் (பள்ளத்தில்) பொருந்தியிருக்கும் விதமும் அங்கே தெரியும். உங்கள் வீட்டின் காலத்துக்கு முக்கால் அங்குலத் தடிப்பே வழக்கம். போருக்கு முந்திய வீடுகளில் இதைவிட மெல்லிய பலகைகளை மேலிருந்தே ஆணியடித்திருப்பார்கள், அது வேறு கதை. நாக்குக்கு மேலே எவ்வளவு மரம் மிஞ்சியிருக்கிறது என்பதுதான் தளத்தின் ஆயுளை முடிவு செய்கிறது. புதிய பலகையில் அது ஏறத்தாழக் கால் அங்குலம் இருக்கும். ஒரு முழுச் சாண்டிங்கில் ஓர் அங்குலத்தின் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவே குறையும். காடியின் மேலுதடு மெலிந்து பிளந்திருக்கவில்லையென்றால், ஆணித் தலைகள் எங்கும் எட்டிப் பார்க்கவில்லையென்றால், இந்தத் தளத்தைப் பெயர்த்தெறிய ஒரு காரணமும் இல்லை. மூன்றாமவர் தாம் விற்பதையே பரிந்துரைத்திருக்கிறார். எஞ்சினியர்ட் பலகைகள் பலவற்றில் மேலே இருக்கும் உண்மையான மரம் சில மில்லிமீற்றர் மட்டுமே.

இரண்டாமவர் சொன்ன முறை தவறானதல்ல, ஆனால் அது உங்கள் தளத்துக்குரியதல்ல. மேலாகத் தேய்ப்பது பழைய பூச்சை மட்டுமே உரசும், மரத்தைத் தொடாது. பூச்சு மங்கியிருக்கிறது, மரம் சேதமில்லை என்ற நிலையில் அது மிகச் சிக்கனமான வழி. ஆணித் துளையும் கறுப்புக் கறையும் அதனால் போகா. அத்துடன், அக்காலத்தில் மெழுகு பூசிய தளமாக இருந்தால் புதிய பூச்சு ஒட்டாமல் தோல் தோலாக உரியும். மினரல் ஸ்பிரிட்டில் (பெயின்ட் கரைக்கும் திரவம்) நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு மூலையில் அழுத்தித் துடையுங்கள்; துணியில் மஞ்சளோ பழுப்போ படிந்தால் மெழுகு இருக்கிறது என்று பொருள்.

ஆகவே முதலாமவர் சொன்ன வேலையே உங்களுக்குத் தேவை, ஆனால் அவர் சொன்ன விதத்தில் அல்ல. எந்தெந்த எண் சாண்ட் பேப்பரில் தொடங்கி எதில் முடிப்பார் என்று கேளுங்கள். பழைய பூச்சை எடுக்க 36 அல்லது 40, பிறகு 60, பிறகு 80 அல்லது 100 என்று படிப்படியாகப் போக வேண்டும். இடையில் ஒரு படியைத் தாண்டினால் முந்திய தாளின் கீறல்கள் அப்படியே தங்கி, நிறமோ பூச்சோ ஏறியவுடன் வெளியே தெரியும். அறையின் நடுவை டிரம் இயந்திரத்தாலும் ஓரத்தை எட்ஜராலும் தேய்ப்பார்கள். இயந்திரம் நுழையாத மூலைகளைக் கையால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். மலிவாக வேலை எடுப்பவர்கள் பெரும்பாலும் அந்த மூலைகளைத்தான் விட்டுவிடுவார்கள். பூச்சு இரண்டு போதாது. அடிப்பூச்சோடு சேர்த்து மூன்று என்று எழுதி வாங்குங்கள்.

ஸ்டேப்பிள் கம்பிகளை நீங்களே பிடுங்கிவிடலாம். தட்டையான ஸ்குரூடிரைவரால் நெம்பி, குறட்டால் இழுத்து, முடிந்ததும் கையுறை அணிந்த கையால் தரையைத் தடவிப் பாருங்கள். ஒரு கம்பி மிஞ்சினாலும் டிரம்மில் ஓடும் தாள் கிழிந்து தளத்தில் வடு விழும். அதை எடுக்க அந்த இடத்தை மறுபடி தேய்க்க வேண்டிவரும்.

கறுப்புக் கறை இருவகை. இரும்பும் ஈரமும் ஓக் மரத்தில் இயல்பாகவே உள்ள டனின் என்னும் பொருளோடு சேர்ந்து உண்டாக்கும் கறை மேலோட்டமானதாக இருந்தால் சாண்டிங்கிலோ ஒக்ஸாலிக் அமிலத்திலோ போய்விடும். நாய் பூனையின் சிறுநீர் ஆழமாக இறங்கியிருந்தால் அந்தப் பலகைகளை மாற்றுவதே வழி. எது என்பது தேய்த்த பிறகுதான் உறுதியாகத் தெரியும் என்பதால், மாற்ற நேர்ந்தால் பலகைக்கு எவ்வளவு என்பதை முன்னதாகவே பேசிக்கொள்ளுங்கள்.

சுவர் நின்ற இடம்தான் ஒருவருடைய கைத்திறனைக் காட்டும். பலகைகள் அந்த இடைவெளிக்குக் குறுக்காக ஓடினால், இருபுறத்துப் பலகைகளையும் வெவ்வேறு நீளத்தில் வெட்டியெடுத்துப் புதியவற்றைக் கோத்துப் பின்ன வேண்டும். இடைவெளியை ஒரே நேர்கோட்டில் நிரப்பினால் அங்கே ஒரு சுவர் இருந்தது என்பதை அந்தத் தரை காலமெல்லாம் காட்டிக்கொண்டிருக்கும். புதிய ஓக் வெளிறியிருக்கும் என்பதால் முழுத் தளத்தையும் ஒன்றாகத் தேய்ப்பதே பொருத்தமானது. பூச்சைப் பொறுத்தவரை, இந்த வயது ஓக்குக்கு எண்ணெய் சார்ந்த பொலியூரித்தேன் (மரத்தின் மேல் கடினமான படலமாக இறுகும் பூச்சு) தரும் தேன் நிறமே எனக்குப் பிடித்தது.

பதில்: மாலைத்தென்றல், மார்க்கம்

மரவேலை பற்றி அண்ணா விரிவாக எழுதிவிட்டார். நான் ஒப்பந்தப் பத்திரங்களையும் பணத்தையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தளம் பதிக்கும் தொழிலுக்கு ஒன்ராறியோவில் சான்றிதழ் உண்டு, ஆனால் அது கட்டாயமானதல்ல. யாரும் ஒரு வாடகை இயந்திரத்தோடு வந்து நிற்கலாம். ரொறன்ரோ மாநகரம் வீடு திருத்துவோருக்கு உரிமம் வழங்குவதால், உங்கள் முகவரிக்கு அந்த உரிம இலக்கத்தைக் கேட்பதில் தவறில்லை. அதைவிட முக்கியமானது அவருடைய பொறுப்புக் காப்புறுதிச் சான்றிதழ். அவர் வேலையாட்களை அழைத்து வருபவராக இருந்தால், தொழிலாளர் காப்புறுதிச் சபையின் அத்தாட்சியையும் பெறுங்கள்.

உங்கள் வீட்டில் வைத்துக் கையெழுத்திடும் 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, அதன் எழுத்துப் பிரதி உங்கள் கைக்கு வந்ததிலிருந்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்ய மாகாணத்தின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. ஒப்பந்தத்தில் மதிப்பீட்டுத் தொகை குறிப்பிடப்பட்டிருந்தால், நீங்கள் புதிய வேலைக்கு இணங்கினாலொழிய, அந்தத் தொகையைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக அறவிடவும் அவரால் முடியாது. வாய்ப்பேச்சில் முடிந்த வேலையில் இவற்றை எதை வைத்து நிறுவுவது? 13 சதவீத எச்.எஸ்.டி (விற்பனை வரி) மிச்சம் என்று முதலாமவர் சொல்வது, பற்றுச்சீட்டு இல்லை என்பதைத்தான் வேறு விதமாகச் சொல்கிறது. ஆண்டு விற்பனை 30,000 டொலருக்கு உட்பட்ட சிறு தொழிலாளி அந்த வரிக்குப் பதிவு செய்யத் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் அவரும் பற்றுச்சீட்டு எழுதித் தரலாம், தர வேண்டும்.

எங்கள் தெருவில் ஒருவர் பாதிப் பணத்தை முற்பணமாகக் கொடுத்தார். சாண்டிங் முடிந்த அன்று அந்த ஒப்பந்தக்காரர் வேறொரு வேலைக்குப் போய்விட, பூச்சில்லாத மரத்தில் பிள்ளைகளின் கால்தடம் எல்லாம் பதிந்து, அதை மறுபடியும் தேய்க்க மேலதிகப் பணம் கேட்டார். என் கருத்தில் முற்பணம் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சாண்டிங் முடிந்ததும் ஒரு பகுதி, கடைசிப் பூச்சுக் காய்ந்து நீங்கள் பார்த்த பிறகு மீதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். பார்ப்பதற்கும் ஒரு நேரம் உண்டு: பகல் வெளிச்சத்தில் ஜன்னலை நோக்கி நின்று தரையைச் சாய்வாகப் பாருங்கள். இயந்திரம் விட்ட அலைகளும் பூச்சில் சிக்கிய தூசியும் அப்போதுதான் கண்ணில் படும்.

சுவரடியில் ஓடும் கால்வட்டச் சட்டத்தைக் கழற்றுவது, திரும்ப அடிப்பது, குளிர்சாதனப் பெட்டியை நகர்த்துவது ஆகியவை யாருடைய பொறுப்பு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். தூசியே வராது என்று எந்த ஒப்பந்தக்காரர் சொன்னாலும் வெப்பக்காற்றுத் துவாரங்களைப் பிளாஸ்டிக்கால் மூடி ஒட்டிவிடுங்கள்.

பதில்: காவிரிக்கரையான், ஒட்டாவா

வணக்கம். தொழில் தெரிந்த அண்ணனிடம் ஒரு விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். குழந்தைகளோடு அதே வீட்டில் குடியிருப்பவர்களுக்கு எண்ணெய் சார்ந்த பாலியூரிதேன் உகந்ததல்ல. ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு நாள் காத்திருக்க வேண்டும். நெடி பல நாள் நிற்கும். முழுவதும் இறுக ஒரு மாதம் வரை ஆகும். நீர் சார்ந்த பூச்சு சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். அதிலும் இரண்டு பொருட்களைக் கலந்து பூசும் வகை நடமாட்டத்தை நன்றாகத் தாங்குகிறது. விலை கூடுதல்தான், சிவப்பு ஓக் சற்று வெளிறித் தெரியும் என்பதும் உண்மைதான். நிறம் வேண்டுமென்றால் அடியில் சாயம் கொடுத்துக்கொள்ளலாம். எது ஆனாலும் பூச்சின் பெயரையும் வகையையும் மதிப்பீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். "நல்ல வார்னிஷ்" என்று எழுதினால் அதற்குப் பொருளே இல்லை.

எண்ணெய்ச் சாயம் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட அனுமதிக்காதீர்கள். அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியவை. தேய்த்த தூசிப் பையும் இரவில் வீட்டுக்குள்ளோ கராஜிலோ இருக்கக் கூடாது.

குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது காற்று வறண்டு, பலகைகளுக்கு இடையே மெல்லிய இடைவெளி தோன்றும். கோடையில் அதுவே மூடிக்கொள்ளும். அதைக் குறை என்று எண்ணி ஜனவரியில் மக்கு வைத்து அடைத்தால் கோடையில் பிதுங்கும். வீட்டின் ஈரப்பதத்தை 30 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருந்தால் பெரும்பாலான தொல்லைகள் எழுவதில்லை. புதிதாகச் சேர்க்கும் பலகைகளின் ஈரத்தையும் அடிப்பலகையின் ஈரத்தையும் அளவுகருவியால் பார்த்து, வித்தியாசம் 4 சதவீதத்துக்குள் இருந்தால்தான் ஆணியடிக்க வேண்டும். அந்தக் கருவி கையில் இல்லாதவரை நான் வேலைக்கு அழைக்க மாட்டேன்.

இன்னொன்று, நம் வீடுகளுக்கே உரியது. வெள்ளிக்கிழமை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைக்கும் பழக்கத்தை இந்தத் தளம் தாங்காது. நீராவித் துடைப்பானும் கூடாது. நன்கு பிழிந்த மைக்ரோஃபைபர் துணியே போதும். குத்துவிளக்கின் அடியில் விளிம்புள்ள தாம்பாளம் ஒன்றை வைத்துவிடுங்கள். கோலத்துக்குக் கல்மாவு வேண்டாம், அரிசிமாவு போதும். கல்மாவு காலடியில் அரைபட்டுப் பூச்சைக் கீறும்.

புதுவீட்டுக்காரன், ஸ்காபரோ

அண்ணாமாருக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. காற்றுத் துவாரத்தைத் திறந்து பார்த்தேன்; முக்கால் அங்குலப் பலகைதான், நாக்குக்கு மேல் மரம் தாராளமாக இருக்கிறது. துணியில் மெழுகு படியவில்லை. முதலாமவரிடம் எழுத்தில் கேட்டதற்கு அவர் இன்னும் பதில் தரவில்லை. வேறு இருவரை அழைத்திருக்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். சமையலறை வினைல் விரிப்பின் ஓரம் கிளம்பிய இடத்தில், கீழே ஒன்பது அங்குலச் சதுர ஓடுகளும் கறுப்புப் பசையும் தெரிகின்றன. அதையும் சேர்த்து உரசி எடுத்து ஓக் போட்டுத் தருவதாக முதலாமவர் சொல்லியிருந்தார். செய்யலாமா?

உளியும் இழைப்புளியும்

வேண்டாம் தம்பி. அந்த அளவிலும் அந்தக் காலத்திலும் வந்த ஓடுகளில் அஸ்பெஸ்டஸ் (மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும் இழைக் கனிமம்) கலந்திருப்பது மிகச் சாதாரணம்; பசையிலும் இருக்கக்கூடும். அசையாமல் கிடக்கும்வரை பெரிய ஆபத்தில்லை, உரசினாலோ உடைத்தாலோதான் இழைகள் காற்றில் கலக்கும். கிளம்பிய ஓரத்தை ஒட்டுநாடாவால் மூடிவிட்டு, ஓட்டையும் பசையையும் ஆய்வுகூடத்தில் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். அஸ்பெஸ்டஸ் உறுதியானால் அதற்குரிய பயிற்சி பெற்றவர்கள் வந்து அகற்ற வேண்டும், அல்லது அதைத் தொடாமல் மேலே மிதக்கும் தளம் (ஆணியோ பசையோ இன்றி விரிப்பது) ஒன்றைப் போட்டு மூட வேண்டும். இரண்டாவது வழியில் சமையலறைத் தரை ஓக்கை விட உயரக்கூடும்; சுவர் நின்ற இடத்தில் பலகைகளைப் பின்னுவதா, சரிவுப் பட்டி வைப்பதா என்பது அதைப் பொறுத்தே அமையும். எனவே சோதனை முடிவு வந்த பிறகு புதியவர்கள் இருவரிடமும் மதிப்பீடு கேளுங்கள்; அதற்கு முன் அவர்கள் தரும் தொகை எப்படியும் மாறத்தான் போகிறது.