லூயி என்ற பெயர்: சார்லமேன் திட்டமிட்டு வைத்ததா?

பனையோலை:
குளோவிஸ், லுட்விக், லூயி மூன்றுக்கும் வேர் ஒரே ஜெர்மானியப் பெயர்தான். முன்பாதி புகழ், பின்பாதி போர். 511-இல் இறந்த குளோவிஸ், இன்றைய பிரான்ஸ் பகுதியை ஆண்ட பிராங்கியரின் மெரோவிஞ்சிய வம்ச மன்னர். அந்த வம்சத்தின் கடைசி மன்னரை 751-இல் இறக்கிவிட்டு அரியணை ஏறியவர், பிற்பாடு பிராங்கிய மன்னரான சார்லமேனின் அப்பா பெப்பின். ஆனால் 778-இல் பிறந்த தன் இரட்டை மகன்களுக்கு சார்லமேன் வைத்தது லூயி, லோத்தார் என்ற மெரோவிஞ்சியப் பெயர்களை! பறித்த சிம்மாசனத்துக்குப் பட்டா வாங்குகிற வேலை இது.

உச்சிவெயில்:
எல்லாவற்றிலும் அரசியலா? மூத்த மகன்கள் மூவர்: பெப்பின், சார்லஸ், கார்லோமன். தாத்தா பெயர், தன் பெயர், தம்பி பெயர் எல்லாம் தீர்ந்துவிட்டன. ஒரே பிரசவத்தில் இன்னும் இரண்டு பெயர் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

பனையோலை:
தீர்ந்துவிட்டதா? 781-இல் ரோமில் போப் ஏட்ரியன் ஞானஸ்நானம் கொடுத்தபோது கார்லோமனுக்கும் பெப்பின் என்றே பெயர் மாற்றினார்கள். மூத்த பெப்பின் அப்போது உயிரோடுதான் இருந்தார்.

உச்சிவெயில்:
அது கூன்முதுகு மூத்தவரை ஓரங்கட்டச் செய்தது. அதை வைத்துப் பொது வழக்கம் என்று சொல்ல முடியாது. சார்லமேன் அவையில் இருந்த ஐன்ஹார்ட், மெரோவிஞ்சியரை மாட்டுவண்டியில் போய்வந்த பொம்மை ராஜாக்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். அவர்கள் பெயரில் என்ன கௌரவம்?

ஆற்றுமணல்:
இடையில் வருகிறேன். ஐன்ஹார்டின் கேலி கடைசிக்கால மன்னர்கள் மேல். குளோவிஸ் கதையே வேறு. 507-இல் பிரான்சின் புவாத்தியே நகர் அருகே விசிகோத்தியர் என்ற ஜெர்மானிய இனத்தாரை வென்று, தென்மேற்கு பிரான்சான அக்விடேனைப் பிடித்தவர். லூயி பிறந்த ஷாசெனேயும் புவாத்தியே பக்கம்தான். மூன்று வயதிலேயே லூயியை அக்விடேனுக்கு ராஜாவாக்கினார் சார்லமேன். லோத்தார் என்பதும் குளோவிஸின் மகன் குளோத்தாரின் பெயர். ஒரு பெயர் என்றால் தற்செயல் எனலாம், இரண்டுமா?

பனையோலை:
அதேதான். சார்லமேனின் வம்சமான கரோலிஞ்சியரை ஒதுக்கிவிட்டு 987-இல் பிரான்சை ஆள வந்த கப்பேத்திய வம்சத்தாரும் பிறகு இதையே செய்தார்கள். அவர்களில் மன்னர் முதலாம் பிலிப் தன் மகனுக்கு லூயி என்று வைத்தார். 1108-இல் முடிசூடிய அவரை நாம் ஆறாம் லூயி என்கிறோம். முந்தைய ஐந்து பேரும் ஒதுக்கப்பட்ட வம்சத்தார்!

உச்சிவெயில்:
முந்நூறு வருஷம் கழித்துப் பிலிப் செய்ததை வைத்து சார்லமேனின் மனதைப் படிக்கிறீர்கள். 778-இல் அவர் ஸ்பெயின் படையெடுப்பில் இருந்தார். அந்தப் பெயர்களை ஏன் வைத்தேன் என்று அவர் சொன்ன ஒரு வரியைக் காட்டுங்கள், அப்புறம் பட்டாவைப் பற்றிப் பேசலாம்.