பொருள்: 'நிலையான தளப் பிறப்பாக்கி' வேண்டாம், 'வார்ப்பி' என்போமா?

அன்பின் நண்பர்களுக்கு,

இணையத்தளத்தின் பக்கங்களை முன்கூட்டியே ஆக்கி வைக்கும் மென்பொருள்தான் ஸ்டேட்டிக் சைட் ஜெனரேட்டர். அதற்குப் போன மடலில் வந்த 'நிலையான தளப் பிறப்பாக்கி'யை அப்படியே வைத்துக்கொண்டு, அந்த வகையில் ஒன்றான ஹியூகோவைச் சனிக்கிழமை உப்புவெளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு இடத்தில் இடறியது.

இலங்கையில் படித்த பிள்ளைக்குப் பிறப்பாக்கி என்றால் மின்பிறப்பாக்கிதான். கரண்ட் போனால் கடை வாசலில் இரைந்துகொண்டு நிற்குமே, அது. 'நிலையான' இன்னும் மோசம். "சேர், அப்ப பிறகு ஒன்றும் மாற்ற ஏலாதா?" என்று ஒருத்தி கேட்டாள். வங்கியின் நிலையான வைப்பைத் தெரிந்த பிள்ளை வேறெப்படி விளங்கிக்கொள்ளும்?

சாப்பாட்டுக் கடையை வைத்துத்தான் விளக்கினேன். கொத்துரொட்டி நாங்கள் கேட்ட பிறகே தகட்டில் கொத்துப்படும். வேர்ட்பிரஸில் நடத்தும் தளம் அப்படி; ஆள் வந்து கேட்கக் கேட்கத் தரவுத்தளத்தில் தேடி எடுத்துப் பக்கத்தை ஆக்கித் தரும். வடை முன்கூட்டியே பொரித்துக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும், எடுத்துக் கொடுப்பது மட்டுமே வேலை. ஹியூகோ ஆக்கும் தளம் அப்படி. அப்புறம் செய்தே காட்டினேன். எளிய குறிகளோடு எழுதும் மார்க்டவுண் முறையில் அவள் நாலு வரி எழுதினாள். கட்டளை வரியில் 'ஹியூகோ' என்று ஒரே சொல், என்டர். 'பப்ளிக்' கோப்புறைக்குள் எச்டிஎம்எல் கோப்புகள் வந்து விழுந்தன. பக்கத்தின் டெம்ப்ளேட்டை, அதாவது வார்ப்புருவைத் திறந்தால், தலைப்பு வரவேண்டிய இடத்தில் இரட்டை நெளிவு அடைப்புக்குள் ஒரு புள்ளியும் 'டைட்டில்' என்ற சொல்லும். விழுந்த கோப்பில் அதே இடத்தில் 'கன்னியா வெந்நீரூற்று'. அங்கிருக்கிற ஏழு கிணற்றுக்கும் ஏழு பதிவு போடப் போகிறாளாம்.

அந்த இடத்தில்தான் எனக்குச் சொல் பிடிபட்டது. டெம்ப்ளேட்டுக்கு வார்ப்புரு என்பது தமிழ் விக்கிப்பீடியாவில் ஊன்றிவிட்ட சொல். வார்ப்புரு இருக்கிறதென்றால் அதில் ஊற்றுவது வார்த்தல், ஊற்றுகிற கருவி வார்ப்பி, கிடைப்பது வார்ப்புத் தளம். ஒரே வேரில் நாலும் வந்துவிடுகின்றன. அவளுடைய கேள்விக்கும் பதில் உள்ளேயே இருக்கிறது: வார்த்தது தானாக மாறாது, எழுத்தைத் திருத்தி மறுபடி வார்க்கலாம்.

'அச்சு' எளிது என்பீர்கள். சீமெந்துக் கல்லுக்கும் கொழுக்கட்டைக்கும் அச்சுத்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கணினியில் பிரிண்டுக்கு அச்சிடு இருக்கிறது, வரைபிலே எக்ஸ் அச்சு இருக்கிறது. மூன்றாவது பாரம் அந்தச் சொல்லுக்கு வேண்டாம். தமிழ்நாட்டு நண்பர்கள் தோசையையே வார்க்கிறவர்கள், அவர்களுக்கு இது இயல்பாக வரும். நாங்கள் தோசை சுடுகிறவர்கள் என்றாலும் வார்ப்பு எங்களுக்கும் அந்நியமில்லை, மெழுகுதிரி வார்க்கிறோம்.

இயற்பியலில் எலெக்ட்ரோஸ்டாட்டிக்ஸுக்கு நிலைமின்னியல் அப்படியே இருக்கட்டும், அங்கே நிலை சரியான சொல். 2008இல் வந்த ஜெக்கிலுக்கும் 2013இல் வந்த ஹியூகோவுக்கும் பொதுப்பெயராகத்தான் வார்ப்பியைக் கேட்கிறேன்.

அடுத்த வகுப்புக்கான குறிப்பை வெள்ளிக்கிழமை இரவு அச்சடிக்க வேண்டும். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். முடிந்தால் உங்கள் பக்கத்துப் பிள்ளை ஒன்றிடம் சொல்லிப் பார்த்து, என்ன கேட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து