அத்தைக்குக் கூன் விழுந்தபின் வந்த நெஞ்செரிச்சல்: உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி?

திருச்சி மருமகள்:
அத்தைக்கு 78 வயது. ராத்திரி படுத்தால் புளித்தண்ணீர் தொண்டை வரை வரும். குனிந்து வாசல் பெருக்கினால் கேட்கவே வேண்டாம். புளி, காரம், காபி எல்லாம் நிறுத்தினோம். ரசம் இல்லாத சோற்றை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! வயிற்று டாக்டர் கேஸ் மாத்திரை எழுதினார், முதுகுக்கு எலும்பு டாக்டர் வலி மாத்திரை எழுதினார். வலி மாத்திரை போட்ட நாளெல்லாம் எரிச்சல் கூடியதுதான் மிச்சம்.

கடைசியில் பார்த்த முதியோர் மருத்துவர் அவரைச் சுவரோடு ஒட்டி நிற்கச் சொன்னார். குதிகால் ஒட்டியது, பின்தலை ஒட்டவே இல்லை. நடுவில் என் கை தாராளமாகப் போனது. எக்ஸ்ரேயில் இரண்டு முதுகெலும்புகள் முன்பக்கம் நசுங்கி ஆப்பு போல இருந்தன. அவர் எங்கும் விழவில்லை. எலும்பு அடர்த்தி குறைந்தால் விழாமலே இப்படி நசுங்குமாம். கூன் விழ விழ விலா எலும்பு இடுப்பை நெருங்குகிறது. நடுவில் மாட்டிய வயிறு மேலேதானே போகும்? என்டோஸ்கோபியில் இரைப்பையின் மேல்பகுதி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத் தசையைத் தாண்டி ஏறியிருப்பது தெரிந்தது. ஹயாட்டஸ் ஹெர்னியா என்றார்கள்.

ரிட்டயர்டு கண்டக்டர்:
எனக்கும் இதே கதைதான் அம்மா. முதுகு பெல்ட்டை இறுக்கிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தால் உடனே எதுக்களிக்கும். சாப்பிடும்போது தளர்த்தச் சொன்னது பிசியோதெரபி பெண்தான். தலையணையை அடுக்கிப் படுக்காதீர்கள், வயிறு இன்னும் மடங்கும். கட்டிலின் தலைமாட்டையே அரை அடி உயர்த்தி, இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கிறேன். ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கே முடிந்துவிடும். அப்புறம் ஒன்று, நெஞ்சு எரிந்தால் எல்லாமே கேஸ் என்று இருந்துவிடாதீர்கள். திடீரென வந்தாலும், வியர்வை, மூச்சிரைப்போடு வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுங்கள்.

மதுரை மீனா:
எலும்புக்கு வாரம் ஒருமுறை அலென்ட்ரோனேட் மாத்திரை கொடுத்தால் கவனம் அக்கா. வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பச்சைத்தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரமாவது நிமிர்ந்து இருக்க வேண்டும். என் அம்மா உடனே சாய்ந்துவிடுவார். உணவுக்குழாய் புண்ணாகி இட்லி இறங்கவே வலித்தது. இப்போது வருடம் ஒரு டிரிப், சோலெட்ரோனிக் அமிலம்.

வயிற்று அமிலத்தைக் குறைக்கிற பான்டபிரசோல் வகை மாத்திரைகளை வருடக்கணக்கில் எடுத்தால் எலும்பு முறிவு வாய்ப்பு கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010லேயே எச்சரித்தது. அதற்காக நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். கால்சியம் கார்பனேட் மாத்திரை உடலில் சேர வயிற்று அமிலம் வேண்டும், கால்சியம் சிட்ரேட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

திருச்சி மருமகள்:
எங்களுடையது இரும்புக் கட்டில் அண்ணா. செங்கல் வைத்தால் நகராதா?

ரிட்டயர்டு கண்டக்டர்:
செங்கல் வேண்டாம், வழுக்கும். ஆசாரியிடம் சொன்னால் மரக்கட்டையில் கட்டில் கால் இறங்குகிற அளவுக்குக் குழி எடுத்துத் தருவார். அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிவிடுங்கள்.