பிளக்கைக் கழற்றினா திகதி பின்னுக்குப் போகுது, இணையத்தளங்களும் திறக்குதில்லை

விசுவமடு_வாசி:
வணக்கம். வீட்டு மேசைக் கணினி, விண்டோஸ் 10, ராம் 4 ஜிபி. மின்னலுக்குப் பயந்து இரவில பிளக்கைச் சுவரில இருந்து கழற்றி வைக்கிறம். அடுத்த நாள் போட்டா கறுப்புத் திரையில எஃப்1 அமத்தச் சொல்லுது. அமத்தினா விண்டோஸ் வரும், ஆனா திகதி 2015 ஜனவரி 1. குரோமில ஜிமெயில் திறக்காது, கடிகாரம் பிழை எண்டு வருது. பிளக் மாட்டினபடி விட்ட நாளில ஒரு கரைச்சலும் இல்லை. வைரஸ், ஃபோர்மற் அடிக்க வேணும் எண்டு கடையில சொல்லுகினம். மகளின்ர பாடக் கோப்புகள் முழுக்க சி டிரைவில கிடக்கு. அடிக்கத்தான் வேணுமோ? இன்னொண்டு: திகதியைத் திருத்தி ஃபோன் ஹொட்ஸ்பொட்டில இணைச்சா டேட்டா கடகடவெண்டு முடியுது.

இரணைமடு:
ஃபோர்மற் அடிக்காதேங்கோ. இது வைரஸ் இல்லை, மதர்போர்ட்டில இருக்கிற காசு மாதிரியான பற்றறி செத்திட்டுது. விடை உங்கட கேள்விக்குள்ளயே கிடக்கு. பிளக் மாட்டியிருக்கும் வரை, கணினி நிண்டாலும் பவர் சப்ளையில இருந்து ஒரு சின்னக் கரண்ட் போய்க்கொண்டிருக்கும். கடிகாரம் அதில ஓடும். பிளக்கைக் கழற்றினா அந்தப் பற்றறி மட்டும்தான் துணை. அது செத்தா பயோஸ் (விண்டோஸுக்கு முன்னம் கணினியைத் தொடக்கிற அடிப்படை மென்பொருள்) தன்ர தொடக்கத் திகதிக்குப் போயிடும். தளம் உண்மையானது எண்டு காட்டுற சான்றிதழ் ஒவ்வொரு இணையத்தளத்துக்கும் இருக்கு, அதுக்குத் தொடங்கிற நாளும் முடியிற நாளும் இருக்கு. 2015இல நிண்டு பார்த்தா அது இன்னும் தொடங்கேல்லை, அதால குரோம் மறிக்குது.

வாங்க வேண்டியது சிஆர் 2032, 3 வோல்ட். 2025 எண்டதைத் தந்தா வாங்காதேங்கோ: அகலம் ஒண்டுதான், தடிப்பு 3.2 மில்லிமீற்றருக்குப் பதிலா 2.5, பிடிப்பு தளரும்.

மாத்த முன்னம் பயோஸுக்குள்ள போய் (டிலீற் அல்லது எஃப்2, உங்கட திரை எதைச் சொல்லுதோ அது) ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோனில படம் எடுத்து வையுங்கோ. முக்கியமா சாற்றா மோட், அதாவது கணினி ஹார்ட் டிஸ்க்கோட பேசிற முறை. அது ஏஎச்சிஐ, ஐடிஇ ரெண்டில எதில நிக்கேக்க விண்டோஸ் ஒழுங்கா வருதோ அதிலயே நிக்க வேணும். மாறினா நீலத் திரைதான் வரும், பிறகு அதுக்கும் ஃபோர்மற் எண்டுதான் சொல்லுவினம்.

பிறகு பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானைப் பத்து செக்கன் அமத்திப் பிடியுங்கோ. பெட்டியின்ர பக்கத் தகட்டைத் திறந்து, உள்ள கை வைக்க முன்னம் பெட்டியின்ர இரும்பை ஒருக்காத் தொடுங்கோ. பற்றறிக்குப் பக்கத்தில உள்ள சின்னக் கொளுக்கியைத் தள்ளினா அது எழும்பும். புதுசைக் கூட்டல் குறி மேல தெரிய வையுங்கோ. பழசைச் சின்னப்பிள்ளையளின்ர கைக்கு எட்ட விடாதேங்கோ. விழுங்கினா ரெண்டு மணித்தியாலத்துக்குள்ளயே உணவுக்குழாயை அரிச்சுப்போடும்.

மின்னலுக்குப் பிளக் கழற்றுறது சரியான வேலை. அதை நிப்பாட்ட வேண்டாம்.

பாலைமரம்:
இரணைமடு அண்ணா சொன்னதோட விண்டோஸ் பக்கம் ஒரு விசயம். தானியங்கி நேரம் ஏன் தானாத் திருத்தேல்லை எண்டு கன பேர் கேக்கினம். வீட்டுக் கணினியில விண்டோஸின்ர நேரச் சேவை வழமையா 15 மணித்தியாலத்துக்கு மேல வித்தியாசம் இருந்தாத் தொடாது. பத்து வருசம் பின்னால நிண்டா எப்பிடித் திருத்தும்? அதால முதல்ல பயோஸிலயோ விண்டோஸிலயோ திகதியைக் கையால போடுங்கோ. பிறகு செற்றிங்ஸ், டைம் அன்ட் லாங்குவேஜ், டேற் அன்ட் டைம் போய் சிங்க் நவ் அமத்துங்கோ. நேர வலயம் ஸ்ரீ ஜயவர்த்தனபுர, +5:30 ஆ எண்டும் பாருங்கோ.

மகளின்ர கோப்பு ஏதும் காணேல்லை எண்டா பயப்படாதேங்கோ. பிழையான திகதியில சேமிச்சது 2015 எண்டு பதிஞ்சிருக்கும், திகதிப்படி அடுக்கினா கடைசியில போய் நிக்கும். பெயரை வச்சுத் தேடுங்கோ. எதுக்கும் எல்லாத்தையும் ஒரு பென் டிரைவில போட்டு வையுங்கோ.

டேட்டா: திகதி பிழைச்ச நேரம் இறங்க ஏலாமல் நிண்ட அப்டேற்றெல்லாம் திகதி சரியானவுடன சேர்ந்து இறங்குது. விண்டோஸ் 10இன்ர இலவச ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஓட முடிஞ்சாலும் ஸ்ரோர் செயலிகளின்ர அப்டேற்றும், டிஃபென்டரின்ர (விண்டோஸோட வாற வைரஸ் தடுப்பான்) வைரஸ் பட்டியலும் இன்னும் வரும். செற்றிங்ஸில நெற்வேர்க், வைஃபை, உங்கட ஹொட்ஸ்பொட் பெயர், அதில மீற்றர்ட் கனெக்ஷனை (டேட்டாவைக் குறைச்சுப் பாவிக்கச் சொல்லுற அமைப்பு) ஓன் பண்ணுங்கோ. ஒவ்வொரு ஹொட்ஸ்பொட்டுக்கும் தனித்தனியாச் செய்ய வேணும். வேற ஃபோனில இணைச்சா அதுக்கும் போடுங்கோ. எது தின்னுது எண்டு அதே நெற்வேர்க் பகுதியில டேட்டா யூசேஜ் காட்டும்.

விசுவமடு_வாசி:
மிச்சம் நன்றி, ரெண்டு பேருக்கும். பழசை மல்டிமீற்றரில அளந்தா 1.4 வோல்ட். புதுசு போட்டாச்சு, ஆனா எஃப்1 திரை இன்னும் வருது.

இரணைமடு:
1.4 எண்டா அது எப்பவோ முடிஞ்சுது. புதுசு 3க்குக் கிட்டக் காட்ட வேணும். பற்றறி மாத்தின பிறகு முதல் தடவை அந்தத் திரை வரத்தான் செய்யும். பயோஸுக்குள்ள போய்த் திகதியைப் போட்டு, சாற்றா மோட்டைப் படத்தோட ஒப்பிட்டு, சேமிச்சு வெளியேறுங்கோ. கனக்க போர்ட்டுகளில அது எஃப்10. சேமிக்காமல் எஃப்1 அமத்தி நேர விண்டோஸுக்குப் போனா ஒவ்வொரு முறையும் கேக்கும். இண்டைக்கு இரவு பிளக்கைக் கழற்றி, காலமை திகதியைப் பார்த்துச் சொல்லுங்கோ.

விசுவமடு_வாசி:
எஃப்10 அமத்திச் சேமிச்சன். இரவு முழுக்கப் பிளக் வெளியில. காலமை எஃப்1 கேக்கேல்லை, திகதி சரி, ஜிமெயிலும் திறக்குது.