சவுலுக்கு வந்த பொறாமை யோனத்தானுக்கு ஏன் வரவில்லை?

கேள்வி: வாலிபர் ஐக்கியப் பொறுப்பாளர்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்தில் வேதாகமத்தின் 1 சாமுவேல் புத்தகத்தை அதிகாரம் அதிகாரமாகப் படித்து வருகிறோம். அடுத்த வாரம் 18-ஆம் அதிகாரம். பெலிஸ்தரை முறியடித்துத் திரும்புகிற படைக்கு எதிர்கொண்டு வந்த பெண்கள், "சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம்" என்று பாடுகிறார்கள். அன்றுமுதல் ராஜாவாகிய சவுல் தாவீதைக் காய்மகாரமாய்ப் பார்க்கத் தொடங்குகிறார். மறுநாளே கையில் ஈட்டி வந்துவிடுகிறது. பொறாமை எவ்வளவு கொடியது என்று சொல்லி இந்தப் பகுதியை முடித்துவிடுவது எளிது. நான் கேட்டு வளர்ந்த பிரசங்கங்களும் பெரும்பாலும் அப்படித்தான் முடிந்தன.

ஆனால் அதே அதிகாரத்தின் முதல் நான்கு வசனங்கள் என்னை விடவில்லை. தாவீதால் சவுலுக்கு உண்மையில் நேர்ந்த நஷ்டம் என்ன? அவர் சாகும்வரை ராஜாவாகவே இருந்தார். அவருக்குப்பின் தாவீது ராஜாவாவதால் சிங்காசனத்தை இழக்கப்போகிறவர் அவருடைய மூத்த மகன் யோனத்தான். பொறாமைப்பட நியாயம் இருந்தது என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், அது அவர்தான். அவரோ தான் போர்த்துக்கொண்டிருந்த சால்வையையும் தன் வஸ்திரத்தையும் பட்டயத்தையும் வில்லையும் கச்சையையும் தாவீதுக்குக் கொடுத்துவிடுகிறார்.

எனக்கு இரண்டு காரியங்கள் தெளிவாக வேண்டும். சவுலிடம் முதலில் இருந்தது பெருமையா, பொறாமையா? யோனத்தானிடம் இருந்த அந்த உள்ளான பலம் எங்கிருந்து வந்தது? "அவர் இயல்பிலேயே நல்லவர்" என்று நான் சொன்னால், அந்த இயல்பு இல்லாத பிள்ளைகளுக்கு என்னிடம் பதில் இருக்காது. அனுபவமுள்ளவர்கள் உதவ வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற உபதேசியார்

தம்பி, கேள்வி நல்ல கேள்வி. ஆனால் 18-ஆம் அதிகாரத்தில் நின்றுகொண்டு இதற்குப் பதில் தேடினால் கிடைக்காது. ஐந்து அதிகாரம் பின்னால் போக வேண்டும்.

13-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். கேபாவிலே தாணையம் (காவல்படை) இருந்த பெலிஸ்தரை முறிய அடித்தவர் யோனத்தான். உடனே சவுல் தேசமெங்கும் எக்காளம் ஊதுவிக்கிறார். இஸ்ரவேலர் எல்லாரும் என்ன கேள்விப்பட்டார்கள்? பெலிஸ்தரின் தாணையத்தைச் சவுல் முறிய அடித்தார் என்று. செய்தவர் மகன், பெயர் தகப்பனுக்கு. அதைக் குறித்து யோனத்தான் ஒரு வார்த்தை பேசியதாக வேதத்தில் இல்லை. அடுத்த அதிகாரத்தில் மிக்மாசில் தன் ஆயுததாரி ஒருவனை மட்டும் கூட்டிக்கொண்டு, இருபக்கமும் செங்குத்தான பாறைகளுக்கு நடுவே கையும் காலுமாகத் தவழ்ந்து ஏறி, ஏறக்குறைய இருபது பேரை வீழ்த்துகிறார். அன்றைக்கு அவருக்காக யாரும் மேளம் அடிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் தகப்பன் இட்ட மதிகெட்ட ஆணையினால் மரணத்துக்குக் குறிக்கப்படுகிறார். ஜனங்கள் குறுக்கிட்டதனால் தப்புகிறார். பாட்டில் தன் பெயர் வராதது யோனத்தானுக்குப் புதிதல்ல என்பது இங்கே தெரிகிறது.

அந்தப் பாறையில் ஏறுவதற்குமுன் அவர் ஆயுததாரியிடம் சொன்னதைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யட்டும்: "அநேகம்பேரைக்கொண்டாகிலும் கொஞ்சம்பேரைக்கொண்டாகிலும் இரட்சிக்கக் கர்த்தருக்குத் தடையில்லை." உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இந்த வசனம்தான். இரட்சிப்பது கர்த்தர் என்று உண்மையாகவே நம்புகிற மனுஷனுக்கு, அவர் யார் கையால் இரட்சித்தார் என்பது இரண்டாம்பட்சமாகிவிடுகிறது. ஏலா பள்ளத்தாக்கில் கவணோடு நின்ற பையன் தாவீது, "யுத்தம் கர்த்தருடையது" என்று கோலியாத்திடம் சொன்னபோது, யோனத்தான் தன் மனதிலிருந்த அதே விசுவாசத்தை வேறொருவன் வாயிலிருந்து கேட்டார் என்றே நான் நினைக்கிறேன். அவர் ஆத்துமா தாவீதின் ஆத்துமாவோடு ஒன்றாய் இசைந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 13-ஆம் அதிகாரத்தின் கடைசியில், பெலிஸ்தர் கொல்லர்களே இல்லாதபடி செய்துவிட்டதால், யுத்த நாளில் சவுலையும் யோனத்தானையும் தவிர வேறொருவர் கையிலும் பட்டயமும் ஈட்டியும் இல்லை என்று எழுதியிருக்கிறது. அப்படிப்பட்ட காலத்தைக் கண்ட இளவரசன் தன் பட்டயத்தை ஒரு மேய்ப்பன் கையில் கொடுக்கிறான். கொடுத்த பொருளின் கனம் அப்போதுதான் விளங்கும்.

சவுலுக்கு வருகிறேன். 15-ஆம் அதிகாரத்தில் அமலேக்கியரை முறியடித்த கையோடு அவர் கர்மேலுக்குப் போய்த் தனக்கு ஒரு ஜெயஸ்தம்பம் நாட்டுகிறார். அவருடைய கீழ்ப்படியாமையைத் தீர்க்கதரிசி சாமுவேல் கண்டித்தபோது, ஜனங்களுக்குப் பயந்ததாகச் சொல்கிறார். பாவம் செய்தேன் என்று ஒப்புக்கொண்ட பிறகும், ஜனத்தின் மூப்பருக்கு முன்பாகவும் இஸ்ரவேலுக்கு முன்பாகவும் என்னைக் கனம்பண்ண வேண்டும் என்று கேட்கிறார். ராஜ்யம் கையைவிட்டுப் போகிறது என்று தீர்க்கதரிசி சொல்கிறார்; ராஜாவுக்கோ இன்றைய மரியாதை கெடக்கூடாது என்பதே கவலை. ஜனங்களின் கண்ணில் வாழ்ந்த மனுஷன் அவர். அந்தக் கண் தாவீதின் பக்கம் திரும்பிய நாளில், அதுவரை உள்ளே இருந்த பெருமை பொறாமையாக வெளியே வந்தது. ஆகையால் பெருமைதான் முந்தியது.

பதில்: கத்தோலிக்க வாசகி

உபதேசியார் ஐயா எழுதியதைப் படித்து மனம் நிறைந்தேன். முடிவில் மட்டும் சிறு வேறுபாடு உண்டு. பெருமை என்றவுடன் தன்னைப் பெரியவனாக நினைக்கும் மனிதனையே நாம் கற்பனை செய்கிறோம். சவுல் அப்படித் தொடங்கவில்லை. பென்யமீன் குலத்தின் சிறிய குடும்பத்தைச் சேர்ந்தவன் நான் என்று சொன்னவர் அவர். அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாளில் மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டவரும் அவர்தான். தன்னைச் சிறியவராக நினைக்கிறவருக்குப் பொறாமை வராது என்று இளைஞர்களுக்குக் கற்பித்துவிடாதீர்கள். தாழ்வு மனமும் பிறருடைய பாராட்டில்தான் உயிர் வாழ்கிறது.

இதைத் திருச்சபையின் பழைய ஆசிரியர்கள் நுட்பமாகக் கண்டிருக்கிறார்கள். நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத் துறவி எவாக்ரியுஸ் மனதைத் தாக்கும் தீய எண்ணங்கள் எட்டு என்று எழுதியபோது, வீண்புகழ்ச்சியையும் செருக்கையும் தனித்தனியாக வைத்தார். பொறாமை அவர் பட்டியலில் இல்லை. 590 முதல் 604 வரை திருத்தந்தையாக இருந்த பெரிய கிரகோரியார் அதைச் சேர்த்தார். செருக்கை எல்லாவற்றுக்கும் வேராக வைத்து, அதன் முதல் பிள்ளை வீண்புகழ்ச்சி என்றும், அந்த வீண்புகழ்ச்சி பொறாமையைப் பெற்றெடுக்கிறது என்றும் அவர் வரிசைப்படுத்தினார். வெறும் பெயரைத் தேடி அலைகிறவன், அந்தப் பெயர் வேறொருவனுக்குக் கிடைத்துவிடுமோ என்று வெதும்புவான் என்பது அவர் காட்டும் காரணம். நாங்கள் மறைக்கல்வி வகுப்பில் தலையான பாவங்கள் ஏழு என்று ஒப்பித்த பட்டியல் இந்த மரபில் வந்ததுதான். நீங்கள் கேட்ட வரிசை இதில் இருக்கிறது: சவுலின் செருக்குக்கும் பொறாமைக்கும் நடுவில், பிறர் வாயால் வாழ்கிற அந்த வீண்புகழ்ச்சி நிற்கிறது.

சவுலைப் பற்றியே எழுதியவர் செசரியாவின் ஆயர் புனித பசிலியார். அவரும் நான்காம் நூற்றாண்டுக்காரர். பொறாமை பற்றிய தம் மறையுரையில் இரண்டு காரியங்களை அவர் சொல்கிறார், இரண்டும் இன்றும் சுடுகின்றன. ஒன்று, பொறாமை தூரத்தில் இருப்பவர்மேல் வருவதில்லை; கூடப் பழகுகிறவர், ஒரே தொழில் செய்கிறவர், ஒரே வீட்டில் இருக்கிறவர்மேல்தான் வருகிறது. மற்றொன்று, மற்றப் பகைகள் நன்மை செய்தால் தணியும், பொறாமை நன்மை செய்யச் செய்ய வளரும். தாவீது யாழ் வாசித்துச் சவுலின் வேதனையைத் தணித்தார். அந்த நேரத்தில்தான் ஈட்டி பறந்தது. அவர் பகைவரை வென்று கொடுத்தார், சவுல் தம் கையில் அகப்பட்டபோது அவரை உயிரோடு விட்டார். ஒவ்வொரு நன்மையும் சவுலை இன்னும் கசப்பாக்கியது. ஆகவே பொறாமைப்படுகிறவரிடம் இன்னும் அன்பாக நடந்துகொண்டால் சரியாகிவிடும் என்று பொறாமைக்கு ஆளாகிற பிள்ளைகளிடம் சொல்லி, அவர்கள்மேல் பாரம் சுமத்த வேண்டாம். தாவீது ஈட்டிக்கு விலகி ஓடித்தான் போனார்.

யோனத்தானின் பலத்தைப் பற்றி யோசிக்கும்போது எனக்குக் குழந்தை இயேசுவின் புனித தெரசா நினைவுக்கு வருகிறார். 1897-இல் 24 வயதில் இறந்தவர். விண்ணகத்தில் எல்லாருக்கும் கடவுள் ஒரே அளவு மகிமை கொடுப்பதில்லையே, குறைவாகப் பெறுகிறவர்கள் வருந்த மாட்டார்களா என்று சிறுமியாக இருந்தபோது அவர் கேட்டாராம். அக்காள் பவுலின், அப்பாவின் பெரிய தம்ளரையும் தைக்கும்போது விரலில் மாட்டும் சிறு குப்பியையும் எடுத்து, இரண்டிலும் தண்ணீரை விளிம்புவரை ஊற்றி, எது அதிகமாக நிறைந்திருக்கிறது என்று கேட்டார். தன் அளவுக்கு நிறைந்திருக்கிறவர் பக்கத்தில் இருப்பதை எட்டிப் பார்ப்பதில்லை.

பதில்: பாடகர் குழு நடத்துகிறவர்

இரண்டு பதில்களும் ஆழமானவை. நான் நடைமுறைப் பக்கத்தைச் சேர்க்கிறேன், ஏனென்றால் பசிலியார் சொன்ன அந்த "கூடப் பழகுகிறவர்" என்ற இடம் நம் சபைகளில் எங்கே இருக்கிறது என்று வாலிபர்களுக்குக் காட்ட வேண்டும்.

பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையை எடுத்துக்கொள்ளுங்கள். சிலுவையில் ஆண்டவர் பேசிய ஏழு வார்த்தைகளை ஏழு பேருக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அந்தப் பட்டியல் வாசிக்கப்படும் ஞாயிற்றுக்கிழமை, கோயில் முற்றத்தில் எத்தனை முகங்கள் மாறுகின்றன என்று கண்டிருக்கிறேன். தம்மை வெறுமையாக்கினவரின் மரணத்தைப் பேசுவதற்கே எனக்கு ஏன் அந்த வார்த்தை கிடைக்கவில்லை என்ற வருத்தம் வந்துவிடுகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை; பரிசுத்தமான வேலைக்குள்ளும் இது நுழையும் என்று பவுலே எழுதியிருக்கிறார். பொறாமையினாலும் விரோதத்தினாலும் கிறிஸ்துவைப் பிரசங்கிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று பிலிப்பியருக்குச் சிறையிலிருந்து எழுதியவர், எப்படியாவது கிறிஸ்து அறிவிக்கப்படுகிறார், அதனால் சந்தோஷப்படுகிறேன் என்றார். யோனத்தானின் மனது புதிய ஏற்பாட்டில் பேசினால் இப்படித்தான் இருக்கும்.

எங்கள் சபையில் ஒரு பெரியவர் இருந்தார். பல வருஷங்களாக ஆறாம் வார்த்தை அவருடையதாகவே இருந்தது. "முடிந்தது" என்ற அந்த வார்த்தையை அவர் பேசும்போது கோயில் அசையாமல் இருக்கும். ஒரு வருஷம் அதை ஓர் இளைஞருக்குக் கொடுத்தார்கள். அந்த வாரமே பெரியவர் அவருடைய வீட்டுக்குப் போனார். பழைய நீளமான கணக்கு நோட்டு ஒன்றில் தாம் சேர்த்து வைத்திருந்த குறிப்புகளை, சிவப்பு மையில் கீர்த்தனை எண்கள் எழுதியிருந்த பக்கங்களோடு, அவர் கையில் கொடுத்து, "எனக்கு விளங்கினது இவ்வளவு, நீங்கள் இதற்குமேல் போங்கள் தம்பி" என்றார். அவருக்கு வருத்தமே இருக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். வருத்தம் தீரும்வரை அவர் காத்திருக்கவில்லை.

ஆகவே, உள்ளான பலம் என்பது பொறாமை எழும்பாத நிலை என்று கற்பிக்க வேண்டாம். எழும்பும்போதே எதிர்த்திசையில் ஒரு காரியத்தைச் செய்ய முடிகிற நிலை அது. எவர்மேல் மனம் கசக்கிறதோ அவர் பெயரைச் சொல்லி ஜெபிப்பது ஒன்று. அவர் செய்ததில் நல்லதை அவர் இல்லாத இடத்தில் சொல்வது இன்னொன்று. முடிந்தால் நம்மிடமிருக்கும் பட்டயத்தை, அதாவது நமக்கு மட்டும் தெரிந்த வேலை நுணுக்கத்தை, அவருக்குக் கொடுத்துவிடுவது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. 13-ஆம் அதிகாரத்தின் எக்காளத்தை நான் கவனித்ததே இல்லை. இன்னும் ஒன்று. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பையன் இப்போதே கேட்டுவிட்டான்: "யோனத்தானுக்கு இதனால் என்ன கிடைத்தது அண்ணா? கில்போவா மலையில் தகப்பனோடுதானே செத்தார்?" யோனத்தானின் மகன் மேவிபோசேத்துக்குத் தாவீது பின்னாளில் காட்டிய தயவைச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற உபதேசியார்

சொல்லலாம், ஆனால் அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம், தம்பி. பிள்ளைகளுக்கு அது கூலி கொடுத்த கணக்குப்போலத் தோன்றிவிடும். யோனத்தான் அந்தக் கூலியைப் பார்க்கவே இல்லை.

முதலில் 23-ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொல்லுங்கள். சவுல் தாவீதை வேட்டையாடிக்கொண்டிருக்கிறார். யோனத்தான் எழுந்து சீப் வனாந்தரத்துக் காட்டுக்குப் போய், தாவீதின் கையைத் தேவனுக்குள் திடப்படுத்துகிறார். நீர் ராஜாவாவீர், நான் உமக்கு இரண்டாவதாயிருப்பேன் என்கிறார். அந்த இரண்டாம் இடமும் அவருக்குக் கிடைக்கவில்லை. பையன் சொல்வது உண்மைதான், அதை மறைக்காதீர்கள். பிறகு 30-ஆம் அதிகாரம். தாவீது தங்கியிருந்த சிக்லாக் ஊர் எரிந்து கிடக்கிறது, மனைவி பிள்ளைகள் சிறைப்பட்டுப் போயிருக்கிறார்கள், கூட இருந்த ஜனங்களே தாவீதைக் கல்லெறிய வேண்டும் என்கிறார்கள். தாவீதோ தன் தேவனாகிய கர்த்தருக்குள்ளே தன்னைத் திடப்படுத்திக்கொள்கிறார். காட்டில் நண்பன் வந்து செய்ததை, நண்பன் வர முடியாத நாளில் அவர் தனியே செய்கிறார். அடுத்த அதிகாரத்தில் யோனத்தான் இறந்துபோகிறார். தன்னைக் கொல்லத் தேடிய சவுலையும் சேர்த்து, இருவருக்காகவும் தாவீது புலம்பல் பாடுகிறார்; அந்தப் பாட்டில் சவுலைப் பற்றி ஒரு கசந்த வார்த்தையும் இல்லை.

இதை ஒரே கூடுகையில் அடக்க முடியாது. முதல் வாரம் 13, 14, 15. அடுத்த வாரம் 18. மூன்றாவது வாரம் 23, 30, 31 அதிகாரங்களோடு 2 சாமுவேல் முதலாம் அதிகாரத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையனையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.